அடைப்பது வேறு, அடக்குவது வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வீடு-மனை இணைப்பில் ஹோம் தியேட்டர் அறை பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். எந்தத் திரை, எத்தனை ஸ்பீக்கர், என்ன விலை என்பதெல்லாம் விரிவாக இருந்தது. அறையைப் பற்றி மட்டும் ஒரே ஒரு வரி: சத்தம் வெளியே போகாமல் இருக்கச் சுவரில் ஃபோம் ஷீட் ஒட்டிக்கொள்ளலாம் என்று. அந்த வரியை நம்பி யாராவது வேலையைத் தொடங்கிவிடக் கூடாதே என்ற கவலையில்தான் எழுதுகிறேன். ஃபோம் சத்தத்தைத் தடுக்காது. தீப்பிடித்தால் ஆளைக் கொல்லும். கடன் வாங்கி வீடு கட்டுகிறவர்கள் இந்த ஓர் அறைக்கு லட்சக்கணக்கில் ஒதுக்குகிறார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஒலி வேலையில் இரண்டு பிரிவு உண்டு. உள்ளே இருக்கும் சத்தம் வெளியே போகாமல் அடைப்பது ஒன்று. உள்ளேயே சுவரில் பட்டுப் பட்டுத் திரும்பும் சத்தத்தை அடக்குவது மற்றொன்று. அடைக்க வேண்டுமானால் எடை வேண்டும், காற்று புகாத மூடல் வேண்டும். அடக்க வேண்டுமானால் காற்று உள்ளே நுழைந்து உராயக்கூடிய நாரிழைப் பொருள் வேண்டும். ஒன்றுக்கான பொருள் மற்றொன்றுக்கு உதவாது. கடையில் ‘சவுண்ட் ப்ரூஃப்’ என்று விற்கும் ஒரு அங்குல ஃபோமில் எடையே கிடையாது; அதை வைத்துச் சத்தத்தை அடைப்பது சல்லடையில் தண்ணீர் பிடிப்பதுதான். முட்டை அட்டையும் தெர்மாகோலும் இன்னும் மோசம். அவை அடைக்கவும் செய்யாது, சொல்லிக்கொள்ளும்படி அடக்கவும் செய்யாது.

முதலில் அடைப்பதைப் பார்ப்போம். இரு பக்கமும் பூசிய ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் பேச்சு, இசை போன்ற நடுத்தர ஒலிகளைச் சுமார் 50 டெசிபல் குறைக்கும். நாலரை அங்குலச் சுவர் 45-க்குள் நிற்கும். எடை குறைந்த ஏஏசி பிளாக் (காற்றுக் குமிழ்கள் கொண்ட லேசான கான்கிரீட் கல்) அதே தடிமனில் செங்கலைவிடக் குறைவாகத்தான் அடைக்கும். ஆகவே வீடு கட்டும்போதே இந்த ஓர் அறையின் உள்சுவர்களை மட்டும் ஒன்பது அங்குலமாக வைக்கச் சொன்னால் பாதி வேலை முடிந்தது. நம் ஊர்ச் செங்கல் சுவரை வைத்துக்கொண்டு ஃபோமைத் தேடி அலைய வேண்டிய அவசியமே இல்லை.

சத்தம் வெளியேறுவது கதவு வழியாக. கணக்கைப் பாருங்கள். 12 அடி அகலம், 10 அடி உயரமுள்ள சுவரின் பரப்பு 120 சதுர அடி. அதில் மூன்றடி அகலக் கதவு. கதவின் அடியில் அரை அங்குல இடைவெளி என்றால் அதன் பரப்பு 18 சதுர அங்குலம், அதாவது ஒரு சதுர அடியில் எட்டில் ஒரு பங்கு. மொத்தச் சுவரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான். அந்த ஆயிரத்தில் ஒரு பங்கு திறந்திருந்தால், மீதிச் சுவர் இரும்பாகவே இருந்தாலும், மொத்தத் தடுப்பு 30 டெசிபலைத் தாண்டாது. படத்தில் வரும் ஒரு வெடிச் சத்தம் நாம் உட்காரும் இடத்தில் 105 டெசிபல் இருந்தால், ஹாலில் படிக்கும் பிள்ளைக்கு 75 டெசிபல் கேட்கும். 50 டெசிபல் சுவருக்குக் கொடுத்த காசு கதவிடுக்கு வழியாகப் போய்விட்டது.

பழைய வீடுகளின் நிலைவாசலை நினைத்துப் பாருங்கள். நான்கு பக்கமும் கட்டை இருக்கும். கீழே வாசற்படிக் கட்டையில் கதவு வந்து அணையும். இப்போது உள் அறைகளுக்குக் கீழ்க்கட்டை வைப்பதில்லை, டைல்ஸ் அப்படியே ஓடுகிறது. தியேட்டர் அறைக்கு மட்டும் ஆசாரியிடம் சொல்லிக் கீழ்க்கட்டையோடு நிலை செய்யச் சொல்லுங்கள். கதவு உள்ளே கூடு இல்லாததாக, 40 மி.மீ. தடிமனில், தூக்கினால் கனக்க வேண்டும். நிலையின் நாலு பக்கமும் ரப்பர் கேஸ்கெட் ஒட்டி, கதவு மூடும்போது அது நசுங்குகிறதா என்று பாருங்கள். சோதிப்பது எளிது: ஒரு காகிதத்தை இடுக்கில் வைத்துக் கதவைச் சாத்துங்கள், இழுத்தால் உருவிக்கொண்டு வரக் கூடாது. கீழ்க்கட்டை வேண்டாம் என்பவர்களுக்குக் கதவைச் சாத்தியதும் தானே இறங்கும் அடிச் சீல் கிடைக்கிறது. தாழ்ப்பாள் ஓட்டை, ஏசி பைப்புக்குப் போட்ட துளை, வென்டிலேட்டர், மின்பெட்டிகள் எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். பைப் துளையைச் சிமென்ட்டால் அடைத்து, சுற்றிலும் காயாத சீலன்ட் தடவ வேண்டும். இரு அறைக்கும் பொதுவான சுவரில் முதுகுக்கு முதுகாக ஸ்விட்ச் பெட்டி வைப்பது மிகப் பெரிய தவறு. அந்த இடத்தில் சுவரே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு செய்தாலும் சப்வூஃபர் எனும் பெட்டி தரும் அடி ஒலி (பேஸ்) முழுதாக அடைபடாது. 40 ஹெர்ட்ஸில் (விநாடிக்கு 40 அதிர்வு) அதே சுவரின் தடுப்பு வெகுவாகக் குறைந்துவிடும். அடுக்குமாடியில் அது தளம் வழியாகவே கீழ்வீட்டுக்கு இறங்கும். பெட்டிக்கு அடியில் ரப்பர் திண்டு வைத்தால் அதிர்வு கொஞ்சம் குறையும், காற்றில் போகும் ஒலி குறையாது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்கான வரம்பு பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 மணி வரை 45. வீட்டு ஒலிபெருக்கி அந்த எல்லையை 5 டெசிபலுக்கு மேல் மீறக் கூடாது என்றும் அதே விதி சொல்கிறது. அடுக்குமாடியில் இருப்பவர்கள் சிறிய சப்வூஃபரோடு நிறுத்திக்கொண்டு, இரவில் ரிசீவரில் (ஸ்பீக்கர்களை இயக்கும் பெட்டி) இருக்கும் இரவு ஒலி வசதியைப் போட்டுக்கொள்வதுதான் பக்கத்து வீட்டாருக்கு நாம் செய்யும் மரியாதை.

இனி ஃபோமின் தீ ஆபத்து. 2003 பிப்ரவரியில் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ‘தி ஸ்டேஷன்’ என்ற கேளிக்கை விடுதியில் மேடையைச் சுற்றி ஒலிக்காக ஒட்டிய பாலியூரித்தேன் ஃபோமில் வாணவேடிக்கைப் பொறி பட்டு 100 பேர் இறந்தார்கள். 2013 ஜனவரியில் பிரேசிலின் சான்டா மரியாவில் ‘கிஸ்’ விடுதியிலும் மேற்கூரை ஃபோம்தான் பற்றியது, 242 உயிர்கள். அந்த ஃபோம் எரியும்போது கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் வருகின்றன. தீ எட்டும் முன்பே புகை ஆளை வீழ்த்திவிடும். வீட்டில் வாணவேடிக்கை இல்லையே என்று நினைக்க வேண்டாம். ஜன்னல் அடைத்த, இருட்டான, ஒரே கதவுள்ள அறை அது. உள்ளே ஆம்ப்ளிஃபையரும் ப்ரொஜெக்டரும் மணிக்கணக்கில் சூடாகின்றன. ஒரு தளர்ந்த வயர் முனை போதும். ராக்வுல்லும் (பாறை நாரிழை) கிளாஸ்வுல்லும் (கண்ணாடி நாரிழை) தீப்பற்றாத பொருள்கள்; ஒலியை அடக்குவதிலும் ஃபோமைவிட மேல். மெல்லிய ஃபோம் உச்ச ஒலியை (ட்ரெபிள்) மட்டும் கொஞ்சம் குறைக்கும். 40 ஹெர்ட்ஸ் ஒலியலையின் நீளம் 28 அடிக்கு மேல். ஒரு அங்குல ஃபோம் அதற்கு முன்னால் நிற்கவே நிற்காது.

அறையின் அளவை முடிவு செய்யும்போதே ஒலியின் தலையெழுத்தும் முடிவாகிவிடுகிறது. எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே சில அடி ஒலிகள் மட்டும் பெருத்து நிற்கும். எது என்று அறிய 570-ஐ அடிக்கணக்கிலுள்ள அளவால் வகுத்தால் போதும். நீளம் 16 அடி என்றால் 36 ஹெர்ட்ஸ், அகலம் 12 என்றால் 48, உயரம் 10 என்றால் 57. அதன் இரட்டிப்பான 71, 95, 114 ஆகியவையும் வரும். இவை ஒன்றுக்கொன்று விலகி இருப்பதால் சமாளிக்கலாம். நம் வீடுகளில் சகஜமான 10-க்கு 10 அறையைப் பாருங்கள்: உயரமும் 10 என்றால் மூன்றும் 57-இல் வந்து ஒன்றன்மேல் ஒன்று விழும். எந்தப் படம் போட்டாலும் ஒரே ஒரு சுருதியில் ‘ம்ம்ம்’ என்று முழங்கும் அறை அதுதான். எவ்வளவு விலையில் ஸ்பீக்கர் வாங்கினாலும் அது போகாது. சதுரமும் வேண்டாம், ஒன்று மற்றொன்றின் இருமடங்காகவும் வேண்டாம். 16-க்கு 12 கிடைத்தால் மனநிறைவோடு எடுத்துக்கொள்ளலாம்.

அதே 16-க்கு 12 அறையை வைத்தே அடக்கும் வேலையின் கணக்கையும் போடுகிறேன். ஹார்வர்டில் பேராசிரியராக இருந்த வாலஸ் சாபின் 1890-களில் கண்ட சூத்திரம் இது: அறையின் கன அடியை 0.049-ஆல் பெருக்கி, அறையின் மொத்த உறிஞ்சு அளவால் வகுத்தால், சத்தம் 60 டெசிபல் அடங்க எத்தனை விநாடி ஆகும் என்று கிடைக்கும். கன அளவு 1920. சுவர், தரை, கூரை எல்லாம் சேர்ந்து 944 சதுர அடி. பூச்சும் டைல்ஸும் நூற்றுக்கு மூன்று பங்குதான் உறிஞ்சும் என்பதால் வெற்று அறையின் உறிஞ்சு அளவு 28. விடை 3 விநாடிக்கு மேல். கோயில் மண்டபத்துக்கு அது சரி. வசனம் புரிய வேண்டிய அறைக்கு 0.3 முதல் 0.4 விநாடிதான் வேண்டும். இப்போது 2-க்கு 4 அடி ராக்வுல் பலகை 12 வைத்தால் 86 கூடும். நான்கு மூலைகளிலும் தரை முதல் கூரை வரை இரண்டடி அகலத்தில் தடித்த ராக்வுல் அடுக்கு வைத்தால் 72. கீழே மெத்தையோடு 12-க்கு 8 கம்பளத்துக்கு 34. சோபாவும் மூன்று நான்கு பேரும் 36. எல்லாம் சேர்ந்து 256, விடை 0.37 விநாடி. குத்துமதிப்புக் கணக்குதான், ஆனால் கடைக்குப் போகும் முன் எத்தனை பலகை வேண்டும் என்று தெரிந்துகொள்ள இது போதும்.

பலகை செய்வது எளிது. கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தியுள்ள 50 மி.மீ. ராக்வுல் ஸ்லாப், சுற்றிலும் சட்டம், மேலே துணி. வாயில் வைத்து ஊதினால் காற்று மறுபுறம் வர வேண்டும், அதுதான் சரியான துணி. காடா துணி நன்றாகவே வேலை செய்யும். ரெக்சின் போர்த்தினால் உச்ச ஒலி எல்லாம் திரும்பி வந்துவிடும். பலகையைச் சுவரோடு ஒட்டாமல் இரண்டு அங்குலம் தள்ளி மாட்டுங்கள். அந்தக் காற்றுவெளியால் இன்னும் தாழ்ந்த ஒலிகளையும் அது பிடிக்கும். பலகையில் பூஞ்சணம் பிடிப்பதும் குறையும். ஓதம் உள்ள வெளிச்சுவரில் முதலில் நீர்க்கசிவைச் சரிசெய்யாமல் எதையும் மாட்டவே கூடாது. கரையான் உள்ள ஊரில் மரச் சட்டத்துக்குப் பதில் ஜிஐ சேனல் (துத்தநாகம் பூசிய இரும்புச் சட்டம்) நல்லது. நாரிழை தோலில் பட்டால் அரிக்கும். வெட்டும்போது கையுறை, முகக்கவசம், கண்ணாடி வேண்டும்.

எங்கே மாட்டுவது? இருக்கையில் ஒருவர் உட்காரட்டும். மற்றொருவர் ஒரு கண்ணாடியைப் பக்கச் சுவரோடு ஒட்டி நகர்த்திக்கொண்டே போகட்டும். உட்கார்ந்தவருக்குக் கண்ணாடியில் முன் ஸ்பீக்கரின் ட்வீட்டர் (உச்ச ஒலி தரும் சிறு பகுதி) எங்கே தெரிகிறதோ அங்கேதான் முதல் பலகை. இரு பக்கமும், கூரையிலும் இப்படியே. அடுத்து மூலைகள், பிறகு பின்சுவர். சிலர் நான்கு பக்கமும் திரைச்சீலையும் தரை முழுக்கக் கார்ப்பெட்டும் போட்டுவிட்டு மூலைகளை விட்டுவிடுகிறார்கள். உச்ச ஒலி செத்துப்போய், அடி ஒலி மட்டும் குடத்துக்குள் பேசுவதுபோல் உருளும். பவானி ஜமக்காளம் பார்க்க அழகு, ஆனால் ஒற்றை விரிப்பாகப் போட்டால் உச்ச ஒலியை மட்டுமே கொஞ்சம் குறைக்கும். அடியில் தடித்த மெத்தை விரிப்பு வேண்டும்.

இருக்கையைப் பின்சுவரோடு ஒட்டிப் போடுவது நம் வீடுகளில் வழக்கம். சுவரருகே எல்லா அடி ஒலியும் குவியும். நட்ட நடுவிலோ முதல் அடி ஒலி காணாமலே போய்விடும். 16 அடி அறையில் பின்சுவரிலிருந்து ஆறடி விட்டு, திரையிலிருந்து பத்தடியில் உட்காருங்கள். அங்கிருந்து 100 அங்குலத் திரை கண்ணை நிறைக்கும். இடது, வலது ஸ்பீக்கர்கள் திரைக்கு வெளியே எட்டடி இடைவெளியில், ட்வீட்டர் காது உயரத்தில், அதாவது தரையிலிருந்து மூன்றேகால் அடியில். நடு ஸ்பீக்கர் திரைக்குக் கீழே இருந்தால் முகத்தைக் காதை நோக்கிச் சற்று நிமிர்த்த வேண்டும். வசனம் முழுக்க அதில்தான் வருகிறது. சரவுண்ட் ஸ்பீக்கர்கள் பக்கச் சுவரில், இருக்கைக்கு இரண்டடி பின்னே, காதுக்கு அரையடி மேலே. அவற்றைக் கூரை மூலையில் தூக்கி மாட்டினால் சுற்றி வர வேண்டிய ஒலி தலைக்கு மேலே போய்விடும்; அப்புறம் மேலிருந்து ஒலி தரும் டால்பி அட்மாஸுக்கென்று தனியாகக் கூரையில் மாட்டுவதற்கும் பொருள் இல்லாமல் போகும். இந்த அளவு அறைக்குக் கூரையில் இரண்டு போதும், இருக்கைக்கு ஓர் அடி முன்னே.

சப்வூஃபருக்கு ஒரு நல்ல வழி உண்டு. அதைத் தூக்கி இருக்கையில் வைத்து, அடி ஒலி நிறைந்த பாட்டு ஒன்றைப் போட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து போய்க் கேளுங்கள். எங்கே எல்லாச் சுருதியும் ஒரே அளவாகக் கேட்கிறதோ அங்கே வையுங்கள். பெரியது ஒன்று வாங்குவதைவிடச் சிறியது இரண்டு வாங்கி எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் வைப்பது மேல்.

வயரிங் மட்டும் பிறகு திருத்த முடியாத வேலை. தளத்துக்குக் கம்பி கட்டும்போதே ப்ரொஜெக்டருக்கும் கூரை ஸ்பீக்கருக்கும் பைப் போட்டுவிட வேண்டும். கான்கிரீட் இறுகிய பிறகு அதில் காடி எடுக்கக் கூடாது. ஸ்பீக்கருக்கு 25 மி.மீ. பைப், 15 மீட்டர் வரை 2.5 சதுர மி.மீ. செம்பு வயர் தாராளம். ஹெச்டிஎம்ஐ கேபிளுக்கு 40 மி.மீ. பைப், நீண்ட வளைவு, உள்ளே ஒரு இழுவைக் கம்பி. முனையோடு கேபிள் போக வேண்டும், ஐந்தாறு வருடத்தில் மாற்றவும் வேண்டும். ஐந்து மீட்டருக்கு மேல் சாதா கேபிளில் 4கே படம் கண்சிமிட்டக்கூடும். ஒளியிழைக் கேபிள் போடுங்கள், அதில் எது டிவி முனை எது பிளேயர் முனை என்று எழுதியிருக்கும், மாற்றிச் செருகினால் படம் வராது. மின்சாரத்துக்கு 16 ஆம்பியர் தனி லைன், தனி எம்சிபி (மின்சுமை கூடினால் துண்டிப்பது), ஆர்சிசிபி (மின்கசிவு இருந்தால் துண்டிப்பது), ஒழுங்கான எர்த். ஸ்பீக்கரில் ‘ம்ம்’ என்ற இரைச்சல் வந்தால் எர்த் பின்னைக் கழற்றிவிடும் பழக்கம் இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். உயிர் காக்கும் வயர் அது. பெரும்பாலும் கேபிள் டிவி வயரைக் கழற்றிப் பார்த்தாலே இரைச்சல் நிற்கும். அந்த வயருக்கு இரைச்சலைத் தடுக்கும் ஐசோலேட்டர் போட்டால் தீர்ந்தது.

ஆம்ப்ளிஃபையரில் பிஎம்பிஓ (கண நேர உச்சத் திறன்) என்று ஆயிரக்கணக்கில் எழுதியிருக்கும் வாட்ஸைப் பார்க்கவே வேண்டாம். ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரும் திறன்) எவ்வளவு, எத்தனை ஓம் ஸ்பீக்கரில் என்று கேளுங்கள்.

எல்லாம் மாட்டி முடித்ததும் 20-இலிருந்து 150 ஹெர்ட்ஸ் வரை மெல்ல ஏறும் ஒலியைப் போட்டு அறையைச் சுற்றி நடங்கள். ஃபால்ஸ் சீலிங்கின் தளர்ந்த ஸ்க்ரூ, ஜன்னல் கண்ணாடி, ஏசியின் காற்று மடல், பக்கத்து அறைப் பரணில் அடுக்கிய பாத்திரம் என்று ஒவ்வொன்றும் தன் சுருதி வரும்போது கிடுகிடுக்கும். அங்கங்கே ரப்பர் வைத்து இறுக்குங்கள். அதன் பிறகே ரிசீவரின் மைக்கை வைத்துத் தானியங்கித் திருத்தம். சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி நேர் ஒலியோடு மோதி அழிவதால் வரும் பள்ளத்தை அந்தத் திருத்தம் நிரப்பாது. 10 டெசிபல் ஏற்றினால் பத்து மடங்கு மின்திறன் போகும், பள்ளம் அப்படியே இருக்கும். இருக்கையையோ சப்வூஃபரையோ ஓர் அடி நகர்த்தினால் அதே பள்ளம் தூர்ந்துவிடக்கூடும்.

கதவும் ஜன்னலும் இறுக மூடிய அறையில் ஆறு பேர் மூன்று மணி நேரம் உட்கார்ந்தால் தலை கனக்கும். ஸ்ப்ளிட் ஏசி உள்காற்றையே சுற்றிவிடுகிறது. உள்ளே கிளாஸ்வுல் பதித்து இரண்டு வளைவு கொடுத்த குழாய் வழியாகப் புதுக் காற்று வர வேண்டும். வளைவு இருந்தால் காற்று போகும், சத்தம் வழியிலேயே கரையும். அறைக் கதவு உள்ளிருந்து சாவியில்லாமல் திறக்கும்படியும் இருக்கட்டும்.

ஐயா, தங்களிடம் ஒரு வேண்டுகோள். ஃபோம் ஷீட் பற்றிய அந்த வரிக்கு, அதே இணைப்பில், அதே பக்கத்தில் ஒரு திருத்தம் வெளியிடுங்கள். இந்தக் கடிதம் முழுவதையும் போட இடமில்லை என்றாலும், கதவிடுக்கைப் பற்றியும் ஃபோம் தீயைப் பற்றியும் எழுதிய பத்திகளை மட்டுமாவது சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஒலியமைப்புத் தொழிலில் உள்ள வாசகர்,
திருச்சி